முறையாகப் பதப்படுத்தப்பட்டவை

ஜன்னலோரம் வேணும்னா நீயே உட்காரு தாயி. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வெளிய நின்னு துண்டு போட்டு இடம் பிடிச்சது நான். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டே பார்த்துச்சு. துண்டை எடுத்து அழகா மடிச்சு ஓரமா வச்சிட்டு நீ பாட்டுக்கு உட்கார்ந்திருக்க. பரவாயில்ல, உட்காரு. நான் கோவப்படுற ஆளே கிடையாது.

அந்தப் பையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வை. அதுல போட்டிருக்கே புலி, அது என்னையே பார்க்குது. காலேஜ்ல கொடுத்தாகளா? கீழ என்ன எழுதியிருக்கு? 'காப்போம்.' ம். காப்பாத்துங்க. நல்லாக் காப்பாத்துங்க. எங்க வீட்டுக்காரவுகள உள்ள வச்சிருக்கிறதே இந்தப் புலிதான்.

என்ன அப்படிப் பார்க்கிற? புலிய அடிச்சாகளான்னா? அவுக புலிய சினிமாவுலகூடச் சரியாப் பார்த்ததில்ல. எங்க ஊரு மண்டபத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரை. அங்க ஏது புலி. கடல் அட்டை. கேள்விப்பட்டிருக்கியா? முள்ளங்கி தண்டி இருக்கும். கை கிடையாது, கால் கிடையாது, கண்ணு கிடையாது. மண்ணோட மண்ணாச் சும்மா கிடக்கும். தூக்கினா தண்ணியப் பீச்சும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கும் புலிக்கும் ஒரே சட்டமாம். ஒரே பட்டியல், ஒரே தண்டனை. "ரெண்டும் ஒண்ணாம் பட்டியல்ல இருக்கும்மா"ன்னு வக்கீலு சொன்னப்ப நான் நம்பல. புலிக்குத் தெரிஞ்சா கேவலமா நினைக்காதா தாயி?

அந்தக் கரையில, சிலோன்ல, லைசென்ஸ் வாங்கிட்டு எடுக்கிறான். இங்க கிடக்கிற வரைக்கும் புலி. ஊர்ந்து அங்கிட்டுப் போயிட்டா அட்டை.

போன வருஷம் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு ஒரு ஆபீசர் படம் காமிச்சாரு. அட்டை மண்ணைத் தின்னு, அழுக்கை எடுத்துக்கிட்டு, மண்ணைச் சுத்தமா வெளிய விடுதாம். கடலுக்குத் துப்புரவுப் பணியாளராம். நான் எந்திரிச்சுக் கேட்டேன். "சார், எங்க தெருவுக்குத் துப்புரவுப் பணியாளர் வந்து மூணு மாசமாச்சு. அவரை எந்தப் பட்டியல்ல வச்சிருக்கீக?" எல்லாரும் சிரிச்சாக. அவரும் சிரிச்சாரு. டீயும் வடையும் கொடுத்தாக. வடை நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல.

என் சின்ன வயசுல முழங்கால் தண்ணியில கிடக்கும் அட்டை. பொம்பளைகளே குனிஞ்சு பொறுக்குவோம். எனக்குக் கல்யாணமான வருஷம் நாலு அண்டா. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் அடுப்பு அணையாது. பெருசு தீர்ந்தா சின்னதும் வரும், விரல் தண்டி. பாவம்னு ஒதுக்க மாட்டோம், அதையும் அவிச்சோம். காய்ஞ்சப்புறம் பீடித் துண்டு தண்டிதான் இருக்கும். அதையும் வாங்கினான் யாவாரி. அப்படிக் கிடந்த கடலு. இப்ப அஞ்சு பாகம், ஆறு பாகம் ஆழத்துக்கு முங்கினாலும் வெறுங்கையோட மேல வாரான். எல்லாம் இந்தச் சட்டம் வந்ததுல இருந்துதான். சட்டத்தைப் போட்டுக் கடலை ராசியில்லாமப் பண்ணிட்டானுக.

பரமக்குடியா இது? இன்னும் வரலையா. சரி.

நீ கேக்கல, ஆனாலும் சொல்லுறேன். அட்டைய எடுக்கிறது பெரிய வேலையே இல்ல. மூச்சுப் பிடிக்கத் தெரிஞ்ச எவனும் எடுத்துட்டு வந்துருவான். பதம் பண்ணுறதுதான் வேலை. எடுத்துட்டு வந்தா ஒரு நாள் வைக்க முடியாது. கொழகொழன்னு கரைஞ்சு தண்ணியாப் போயிரும். வந்த அன்னைக்கே தொடங்கணும். வால் பக்கம் சின்னதா ஒரு கீறு, சுண்டுவிரல் நகம் தண்டி. பெருசாக் கீறினா அவியும்போது வாயப் பிளந்துக்கும். அப்புறம் அது அட்டை இல்ல, செருப்பு. குடலைப் பிதுக்கி எடுத்துட்டு ஒரு அவியல். அப்புறம் ஈர மண்ணுல குழி தோண்டிப் புதைக்கணும். மேல் தோலுல சுண்ணாம்பு இருக்கும், மறுநாளைக்குள்ள அது ஊறி இளகிக் கொடுக்கும். தோண்டி எடுத்து, கடல் தண்ணியில போட்டு, காலால மிதிச்சுத் தேய்க்கணும். சுண்ணாம்பு ஒரு பொட்டு இருக்கக் கூடாது. அப்புறம் திரும்ப ஒரு அவியல். அந்த ரெண்டாவது அவியல்லதான் எல்லாம் இருக்கு. கூடிப் போச்சுன்னா சுருங்கிரும், குறைஞ்சு போச்சுன்னா காயாது. நல்லாக் காய்ஞ்ச அட்டை ஒண்ணோட ஒண்ணைத் தட்டினா கல்லு மாதிரி டொக்குன்னு கேக்கும். கேக்கலைன்னா உள்ள ஈரம். சீனாவுக்குப் போய்ச் சேருறதுக்குள்ள பூஞ்சை பிடிச்சிரும்.

எங்க கரையில அவிக்கிறவ பத்துப் பேரு இருந்தோம். மூட்டையப் பிரிச்சு ஒண்ணைக் கையில எடுத்தாலே இது இன்னாரு கைன்னு சொல்லிருவேன். யாவாரியே என்கிட்டக் கொண்டாந்து காட்டுவான். "பஞ்சவர்ணக்கா, இதைப் பார்த்துச் சொல்லு"ம்பான். சும்மா பெருமைக்குச் சொல்லல.

சேதுராக்குன்னு ஒருத்தி. அவ புருஷனும் எங்க வீட்டுக்காரவுகளும் ஒரே வள்ளத்துல தொழிலுக்குப் போனவுக. அவன் செத்து ஆறு வருஷமாச்சு. என்னை மதினிம்பா, அவுகளை அண்ணேம்பா. வாய் நிறையக் கூப்பிடுவா. எனக்கு அவ மேல ஒண்ணும் கிடையாது. ஆனா அவளும் அவிக்கிறேன்னு அவிப்பா பாரு, கண்ணு கொண்டு பார்க்க முடியாது. இடது கைக்காரி. கீறு அங்கிட்டுச் சாஞ்சு, கால் விரல் நீளத்துக்கு இருக்கும். "ஏண்டி, அறுவை சிகிச்சையா பண்ணுற"ன்னு கேட்டிருக்கேன். சிரிப்பா. "எல்லாம் வயித்துக்குள்ளதான போகப்போகுது மதினி"ம்பா. அப்படிச் சொல்லுறவளை என்ன செய்யுறது? பொறுமையும் கிடையாது. மண்ணுல புதைச்சதை மறுநாள் வரைக்கும் விட மாட்டா, பாதியிலயே தோண்டிருவா. சுண்ணாம்பு அப்படியே வெள்ளையா நிக்கும்.

சரி, அது எதுக்கு இப்ப.

மாசி மாசம். தூத்துக்குடியில இருக்கிற என் மகளுக்கு ரெண்டாவது பிரசவம். அவ மாமியா படுத்த படுக்கை, பார்க்க ஆளில்ல, நான் போயிட்டேன். இருபத்திரண்டு நாளு. பேத்தி பிறந்தா. பேரு வைக்கிற வரைக்கும் இருந்துட்டு ஊருக்கு வந்தேன். வந்து நாலாம் நாளு, காலையில பத்து மணி இருக்கும், பாரஸ்ட்டுக்காரனுக ஜீப்பு. நேரா எங்க வலைக் கொட்டகைக்கு வந்தானுக. பக்கத்துல நாலு கொட்டகை இருக்கு, அதை எதையும் பார்க்கல. பழைய வலைக் குவியலைத் தூக்கினானுக. அடியில ஒரு மூட்டை. எவனோ காட்டிக் கொடுத்திருக்கான். எவன்னு தெரிஞ்சா அவன் குடும்பம் விளங்காது.

அவுக கொட்டகை வாசல்ல உட்கார்ந்து கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டு இருந்தாக. அப்படியே கூட்டிட்டுப் போனானுக. ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடி என் தலையில கைய வச்சுச் சொன்னாக. "வர்ணம், மூட்டை என்னுது இல்ல. எவனோ கொண்டாந்து போட்டிருக்கான். உன் மேல சத்தியம்." தலையில தாயி, இங்க, உச்சியில. நான் நம்பினேன். புருஷன் தலையில கைய வச்சா நம்பாம என்ன செய்வ?

ஜாமீன் கிடைச்சு வெளிய வந்தாக. கேஸு ஒண்ணரை வருஷம் நடந்துச்சு. வக்கீலு அருள்தாஸு நல்ல மனுஷன்தான், குரலு மட்டும் எழும்பாது. அவரு சொன்னாரு, "கவலைப்படாதீங்கம்மா, இது நிக்காது. கொட்டகைக்குக் கதவு கிடையாது, பூட்டு கிடையாது. யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் போட்டிருக்கலாம். அவரு மூட்டையத் தூக்கிட்டு வந்ததைப் பார்த்த சாட்சி ஒருத்தன் இல்ல. உங்க வீட்டுக்கும் அட்டைக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்ட ஒரு துரும்பு இல்ல. நீங்க கூண்டுல ஏறி ரெண்டே விஷயம் சொல்லுங்க. அந்த வாரம் பூராம் காய்ச்சல்ல வீட்டுல கிடந்தாரு. கொட்டகை எப்பவும் திறந்தே கிடக்கும். வேற எது கேட்டாலும் தெரியாது." எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாரு தெரியுமா? "என்ன கேட்டாலும்?" "தெரியாது." "பொருளைக் காட்டினா?" "தெரியாது." கிளிப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. தெரியாதுன்னு சொல்லுறதுக்கு எதுக்கு இத்தனை பாடம்.

கோர்ட்டு அன்னைக்கு சேதுராக்கும் வந்திருந்தா. துணைக்காம். பின் பெஞ்சுல உட்கார்ந்து முக்காடு போட்டுக்கிட்டு. நான் கூப்பிடல.

முதல்ல அந்த வனவர் ஏறினாரு. மூட்டையப் பிடிச்சவரு. மூட்டையில இருந்தது என்னன்னு கேட்டதுக்கு "ராஜ அட்டை"ன்னாரு. எனக்குத் திக்குன்னுச்சு. ராஜ அட்டைக்கு மேலெல்லாம் முள்ளு மாதிரி இருக்கும். மேசையில இருந்து தூக்கிக் காட்டினாரே, தூரத்துல இருந்தே தெரியுது வெள்ளை அட்டைன்னு. நாலு வயசுப் பிள்ளை சொல்லும். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசல. அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாக. நான் பேசாம இருந்ததை ஒருத்தரும் கணக்குல எடுத்துக்கல.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாக. காய்ச்சல்னு சொன்னேன். கொட்டகை திறந்து கிடக்கும்னு சொன்னேன். அருள்தாஸு தலைய ஆட்டினாரு. அப்புறம் சர்க்கார் வக்கீலு எந்திரிச்சுச்சு. பொம்பளைப் பிள்ளை. என் மக வயசு, கண்ணாடி போட்டிருந்துச்சு. "உட்காருறீங்களா அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா அம்மா"ன்னுச்சு. கடிஞ்சு பேசியிருந்தா நான் உஷாரா இருந்திருப்பேன் தாயி. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல.

ஒரு பாலிதீன் பையில நாலைஞ்சு அட்டைய எடுத்துக்கிட்டு வந்து என் முன்னாடி வச்சுச்சு. "இது என்னன்னு தெரியுமா அம்மா?" "தெரியாது." "பார்த்திருக்கீங்களா?" "இல்ல." "சரிம்மா, நான் ஒரு ரிப்போர்ட்டைப் படிக்கிறேன், கேளுங்க"ன்னு படிச்சுச்சு. கடல் ஆராய்ச்சி பண்ணுற யாரோ ஒரு பெரிய படிப்புக்காரரு எழுதிக் கொடுத்தது. "இவை முறையாகப் பதப்படுத்தப்பட்டவை. கைதேர்ந்தவர்களால் செய்யப்பட்டவை."

நான் சும்மாத்தான் இருந்தேன்.

அந்தப் பிள்ளை திரும்பவும் படிச்சுச்சு. "முறையாகப் பதப்படுத்தப்பட்டவை."

"இதையா?"ன்னேன்.

ஒத்தை வார்த்தை. அதுவும் சத்தமாக் கேக்கல, எனக்குள்ளதான் கேட்டேன். "ஏம்மா, சரியில்லையா?"ன்னு அந்தப் பிள்ளை பைய அவுத்து ஒண்ணை எடுத்து என் கையில கொடுத்துச்சு. கொடுத்தா வாங்காம என்ன செய்ய? வாங்கினேன். தோலு பூராம் வெள்ளைப் பொடி. சுண்ணாம்பே போகல. கையில ஒட்டுது. கூண்டுக் கட்டையில ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். டொக்குன்னு கேக்கல, சொத்துன்னு கேட்டுச்சு. ஒண்ணரை வருஷம் வச்சிருந்தும் உள்ள ஈரம். "இதைப் போயி முறையான்னு எழுதியிருக்கானே, அவன் என்ன படிச்சான்? இதை எவனும் வாங்க மாட்டான். எங்க வீட்டுச் சரக்கா இருந்தா இப்படியா இருக்கும்?"ன்னேன்.

அவுகளைக் காப்பாத்தத்தான் சொன்னேன் தாயி. நீயே சொல்லு. எங்களுது இல்லைன்னுதான சொல்லுறேன். எங்களுதா இருந்தா நல்லா இருக்கும்ல. இதுல என்ன தப்பு? ஜட்ஜய்யா பேனாவ மூடி வச்சிருந்தாரு, திறந்தாரு. டைப் அடிக்கிற அம்மா கடகடன்னு அடிச்சுச்சு.

"உங்க வீட்டுச் சரக்கு எப்படிம்மா இருக்கும்?"ன்னு கேட்டுச்சு அந்தப் பிள்ளை. சொன்னேன். கேட்டா சொல்லணும்ல. புதைக்கிறது, தேய்க்கிறது, ரெண்டாவது அவியல், எல்லாம் சொன்னேன். ஒருத்தரும் குறுக்க பேசல. அத்தனை பேரு அமைதியா நான் பேசுறதைக் கேட்டு நான் பார்த்ததே இல்ல. அருள்தாஸு மட்டும் எந்திரிச்சு என்னமோ முனகினாரு, ஜட்ஜய்யா கைய அமர்த்தினாரு.

அப்பத்தான் கீறைப் பார்த்தேன். புரட்டினேன், வால் பக்கம். கால் விரல் நீளம். அங்கிட்டுச் சாஞ்சு. ஒண்ணைக் கீழ வச்சுட்டு இன்னொண்ணை எடுத்தேன். அதுவும் அப்படியே. நாலையும் பார்த்தேன்.

"இது யாரு செஞ்சதுன்னு உங்களால சொல்ல முடியுமா அம்மா?"

அந்தப் பிள்ளை ஏன் அதைக் கேட்டுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. முகத்தைப் பார்த்துக் கேட்டுச்சோ என்னமோ. எனக்கு முகத்துல ஒண்ணும் கிடையாது, நான் சாதாரணமாத்தான் இருந்தேன். "அந்தா பின் பெஞ்சுல முக்காடு போட்டு உட்கார்ந்திருக்காளே, சேதுராக்கு, அவ கை"ன்னேன். "நீங்க வேணும்னா அவளை எதையாவது வெட்டச் சொல்லிப் பாருங்க."

"அவங்க செஞ்சது உங்க வீட்டுக்காரர் கொட்டகைக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்"னேன். அவுக எதிர்க் கூண்டுல நின்னாக. அவுகளைப் பார்த்து நேராவே கேட்டேன். "நான் தூத்துக்குடியில இருந்த இருபத்திரண்டு நாளும் இவதான் அவிச்சாளா? என் அண்டாவுலயா?"

அவுக தலையக் குனிஞ்சுக்கிட்டாக. அருள்தாஸு கையில இருந்த பேப்பரை மேசையில வச்சுட்டாரு.

மூணு வருஷம். அதுக்குக் கீழ கொடுக்கச் சட்டத்துல இடமில்லையாம். புலியாச்சே. சேதுராக்கு வீட்டையும் போயிப் பார்த்தானுக, ஒண்ணும் கிடைக்கல. அவ வீட்டுல அண்டாவே இல்லையாம். எப்படி இருக்கும், என் அண்டா இருக்கையில. இப்ப அவ தைரியமா தெருவுல போறா வாரா. என்னைப் பார்த்தா மட்டும் மதினின்னு கூப்பிடுறதில்ல. ஊருல ஒருத்தியும் என்கூடப் பேசுறதில்ல. புருஷனை ஜெயிலுக்கு அனுப்பினவன்னு என் காதுபடவே சொல்லுறாளுக. நானா அனுப்பினேன்? சட்டம் போட்டவன் அனுப்பினான். காட்டிக் கொடுத்தவன் அனுப்பினான். பாதி அவிச்சாளே, அவ அனுப்பினா.

உள்ள போயி நாலு மாசமாச்சு. மதுரை ஜெயிலுதான், இப்பவும் அங்கதான் போறேன். மனு போட்டுப் பார்க்கணும். முதல் தடவை போனப்ப, வலைக் கம்பிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டுச் சொன்னாக. "நீ இல்ல. வள்ளம் நிறையக் கிடைச்சிருச்சு, அஞ்சாறு வருஷமா அப்படிக் கிடைச்சதில்ல. வச்சிருந்தா கரைஞ்சு போயிரும். வேற யாரைக் கூப்பிடச் சொல்லுற? உன்கிட்டச் சொன்னா நீ சண்டைக்கு வருவ." இதெல்லாம் ஒரு காரணமா தாயி? போன் இருக்கு. தூத்துக்குடி என்ன சீமையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பஸ்ஸப் பிடிச்சு வந்து ரெண்டு நாளுல அவிச்சுக் கொடுத்துட்டுத் திரும்பப் போயிருப்பேன். பிள்ளை பெத்தவ ரெண்டு நாளு தாங்க மாட்டாளா?

அவளுக்கும் அவுகளுக்கும் வேற ஏதும் இருக்கோன்னு நினைக்கிறியா? உன் முகம் அப்படித்தான் இருக்கு. சீச்சீ. அப்படியெல்லாம் இல்ல. இருந்திருந்தாக்கூட வேற மாதிரிப் பேசித் தீர்த்திருப்பேன். என் அண்டாவுல அவ அவிச்சிருக்கா. அதைச் சொல்லு முதல்ல.

இப்ப விஷயத்துக்கு வாரேன். அருள்தாஸு மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போட்டிருக்காரு. என்னைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேக்கணுமாம். அதுக்கு நான் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணும். நேத்துக் கொடுத்தாரு. "படிச்சுப் பாருங்க. பேரு, ஊரு எதுவும் தப்பா இருந்தா அடிச்சுத் திருத்தி, பக்கத்துல சின்னதாக் கையெழுத்துப் போடுங்க. கீழ மட்டும் போடாதீங்க, அதை நாளைக்கு மதுரையில நோட்டரி முன்னாடி போடணும். இதுதான்மா கடைசி வழி"ன்னாரு. அவுகளும் போன தடவை சொல்லிட்டாக. "அருள்தாஸு ஒரு பேப்பர் தருவாரு. அதுக்கு ஒத்துக்கிட்டா வா. இல்லைன்னா இனிமே மனுப் போடாத. நான் கம்பிக்கிட்ட வர மாட்டேன்." அம்பத்து நாலு வயசு, சுகர் வேற. இன்னும் ரெண்டு வருஷம் எட்டு மாசம் அதுக்குள்ள கிடந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரியும்.

இந்தா, இதுதான். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கண்ணாடி உடைஞ்சு கிடக்கு. ஆபீசுல குமாஸ்தா தந்தியடிக்கிற மாதிரிப் படிச்சான், ஒண்ணும் பிடிபடல. நீ நிறுத்திப் படி. மேல பேரு ஊரெல்லாம் இருக்கும், அதை விடு. ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்கும் பாரு, அங்க இருந்து படி.

'என் கணவர் மீதிருந்த மனவருத்தத்தாலும், நீதிமன்றத்தைக் கண்ட பதற்றத்தாலும் உண்மைக்கு மாறாகச் சாட்சியம் அளித்துவிட்டேன்.'

பதட்டமாம். யாருக்கு? நான் பேசினப்ப ஜட்ஜே வாயத் திறக்கல. சரி, போகட்டும். மனவருத்தம்னு போட்டிருக்கான், பொறாமைன்னு போடல, அந்த மட்டுக்கும் மரியாதை தெரிஞ்சவன். அடுத்தது.

'கடல் அட்டை பிடிப்பதிலோ, பதப்படுத்துவதிலோ எனக்கு எவ்வித அனுபவமும் இல்லை. அது குறித்து எனக்கு எதுவும் தெரியாது.'

திரும்பப் படி.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்குள்ள தூசி. அடுத்த ஊரு திருப்புவனமா? தண்ணி வச்சிருக்கியா, ஒரு வாய் கொடு. முப்பத்தாறு வருஷம் தாயி. பன்னண்டு வயசுல அண்டா முன்னாடி உட்கார்ந்தவ. இந்தக் கைய பாரு, முழங்கை வரைக்கும், எல்லாம் வெந்நீர் பட்டது. எதுவும் தெரியாதுன்னு எழுதியிருக்கான். எழுதட்டும். எழுதினா தெரிஞ்சது இல்லாமப் போயிருமா? போகாது. அவுக வெளிய வரணும். மனுஷன் வந்தாப் போதும். போடுறேன். புருஷனுக்காக ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டா என்ன, போடுறேன். இதை விடப் பெருசா எத்தனையோ செஞ்சிருக்கேன். நீ அடுத்ததைப் படி, முடிச்சிருவோம்.

'மேற்படி மூட்டையில் இருந்த, ஒரு முறை வேகவைத்து வெயிலில் உலர்த்திப் பதப்படுத்தப்பட்ட கடல் அட்டைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.'

என்ன முறை?

ஒரு முறையா? நல்லாப் பாரு. ஒரு முறைன்னுதான் போட்டிருக்கா?

ஒரு தடவை அவிச்சாப் பதமாயிருமா? யாரு சொன்னா இவனுக்கு? அந்தச் சேதுராக்குகூட ரெண்டு தடவை அவிச்சுத் தொலைச்சிருக்கா. மேல்கோர்ட்டுல பெரிய ஜட்ஜு படிப்பாரு இதை. அங்கயும் எவனாவது ரிப்போர்ட்டு எழுதுறவன் இருப்பான். கீழ என் பேரு இருக்கும், பஞ்சவர்ணம்னு. பேனா வச்சிருக்கியா? எடு. தப்பு இருந்தாத் திருத்தச் சொல்லித்தான கொடுத்தாரு. அந்த 'ஒரு'வை அடி. நல்லா அடி. மேல 'இரண்டு'ன்னு போடு. போட்டியா? நடுவுல 'மண்ணில் புதைத்து, சுண்ணாம்பு போகத் தேய்த்து'ன்னு சேரு. இடம் இல்லையா? நுணுக்கி எழுது, காலேஜ் படிக்கிறவதான.

என்ன, வேண்டாமா? ஏன் வேண்டாம்? எனக்குத் தெரியாதுன்னு மேல இருந்தா இருக்கட்டும், அது மேல. இது கீழ. அதுக்கும் இதுக்கும் என்ன? நீ எழுது தாயி. ரிங் ரோடு வரப்போகுது.

எழுதிட்டியா? கொடு இங்க. பக்கத்துல கையெழுத்துப் போடணும்ல. பஸ்ஸு ஆடுது, அந்தப் பையக் கொடு, அடியில வச்சுக்கிறேன். புலி மேல வச்சு எழுதினா ஒண்ணும் கிழிஞ்சு போயிராது.

ப, ஞ், ச. எவ்வளவு நீளப் பேரு வச்சிருக்காக பாரு. ம். போட்டாச்சு.

இந்தா உன் பேனா. நல்லா இருக்கு. ஒரு தடவை முழுசாப் படிச்சுக் காட்டு, அந்த மூணாவதை மட்டும். அவுக கேட்டா நான் சரியாச் சொல்லணும்ல.

ம். இப்ப சரி. இனிமே எவன் படிச்சாலும் ஒரு குறை சொல்ல முடியாது.